தொழில் என்ற கட்டம்

நைஃப் காவல் நிலையத்துக்குப் பின்சந்தில்
எங்கள் டைப்பிங் கடை.
விசா, வாடகை ஒப்பந்தம், இறப்புச் சான்றின் மொழிபெயர்ப்பு,
செக் திரும்பியவனின் கெஞ்சல் கடிதம்.
எதற்கும் முப்பது திர்ஹாம்.
அரபியில் அடித்தால் ஐம்பது.

கடை திறக்குமுன் வாசலைக் கூட்டுவேன்.
மசாஜ் அட்டைகள்.
கார்க் கண்ணாடியில், கதவிடுக்கில், சாக்கடை மூடியில்.
ஒவ்வொன்றிலும் ஒரு முகம், ஒரு எண்.
முகம் யாருடையதோ.
எண் வேறு யாருடையதோ.

திலகேஸ்வரி வந்தது செவ்வாய் மதியம்,
ஏசி பழுதான அன்று.
வவுனியா. முப்பத்தொரு வயது.
விசாவில் தொழில்: சிகை அலங்கார உதவியாளர்.
"கத்தரிக்கோலைத் தொட்டதே இல்லை அண்ணை"
என்று சிரித்தபோது
உதட்டில் தையல் தெரிந்தது.

பாஸ்போர்ட் ஒருத்தி கையில்.
நான்கு மாதக் காசும் அவளிடம்.
அடித்தவன் வேறு ஆள்.
எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தர வேண்டும்.

எழுதலாம்.
என்ன வேலைக்கு நான்கு மாதக் காசு என்று
முதல் வரியிலேயே கேட்பார்கள்.
சொன்னால், புகார் கொடுக்க வந்தவள்
அங்கேயே உட்கார வேண்டியிருக்கும்.

"தெரியும்" என்றாள்.
"அதுதான் உங்களிட்ட வந்தனான்.
வேற சொல் ஏதும் இருக்குமெண்டு."

சொல்லுக்கா பஞ்சம்.
பழைய சொற்கள் பத்துப் பன்னிரண்டு, எல்லாமே அவளுக்கு.
வருகிறவனுக்கென்று ஒன்றைத் தேடினால்
நாக்கு வெறுமனே திரும்பி வருகிறது.
புதிய சொல் பாலியல் தொழிலாளி.
நல்ல சொல்தான், கருத்தரங்கில் கால்மேல் கால் போட்டு உட்காரும்.
என் கணினியின் தொழில் பட்டியலில்
ஒட்டகம் மேய்ப்பவனுக்கு எண் உண்டு,
பருந்து பழக்குபவனுக்கு உண்டு.

அன்றிரவு அறையில் சொன்னேன், பெயர் சொல்லாமல்.
கிரேன் ஓட்டும் முனியராஜ்
"சட்டமாக்கிரணும்" என்றான்.
"லைசென்ஸ், டாக்டர், கைய வச்சா போலீஸ்."
செய்யது பாவா தலையணையைத் திருப்பிப் போட்டார்.
"லைசென்ஸ் வந்தா அதுக்கு முன்னாடி ஏஜென்ட் வருவான்டா.
உன் விசா சட்டப்படிதானே?
உன் பாஸ்போர்ட் எங்க இருக்கு?"
முனியராஜ் மேற்கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டான்.
எல்லோரையும்விடச் சத்தமாக எதிர்த்தது சொக்கநாதன்,
சம்பள நாள் இரவில் சென்ட் அடித்துக்கொண்டு
எங்கேயோ போகிறவன்.
விலை ஏறிவிடும் என்று அவன் சொல்லவில்லை.
ஒழுக்கம் என்றான்.

தூக்கம் வராமல்
அந்தப் படிவத்தை நானே மனசுக்குள் அடித்துப் பார்த்தேன்.
முதலாளி பெயர். வேலை நேரம். வார விடுமுறை.
மாட்டேன் என்று சொல்ல
எத்தனாவது பக்கத்தில் கட்டம் போடுவது?
ரத்தப் பரிசோதனை, அவளுக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை.
வருகிறவனுக்கு என்று அடுத்த வரி.
இரண்டு முறை அடித்தேன், இரண்டு முறை அழித்தேன்.
ஸ்பான்சர் என்ற இடத்தில்
அந்தப் பாஸ்போர்ட்காரியே சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

ஆனாலும் சம்பள பாக்கி என்று ஒரு வரி இருந்தது.
அதற்காக
ஒரு கவுண்டர் முன் டோக்கன் எடுத்து
அவள் உட்கார்ந்திருக்கலாம்,
எல்லோரையும்போல, கொட்டாவி விட்டுக்கொண்டு.
அந்த வரியை என்னால் அழிக்க முடியவில்லை.

புதன் காலை மறுபடி வந்தாள்.
"பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்செண்டு அடியுங்கோ."
அடித்தேன்.
தையல் இல்லை, நான்கு மாதம் இல்லை,
பாதித் தாள்கூட நிரம்பவில்லை.

எங்கே தொலைந்தது?
"டாக்சியில."
டாக்சிக் கூரை என்ன நிறம்?
"நிறமும் வேணுமோ?"
கேட்பார்கள்.

வாசலைப் பார்த்தாள்.
கூட்டிய இடத்தில் அதற்குள் இரண்டு அட்டைகள்.

"பிங்க் எண்டு போடுங்கோ.
பொம்பிளையள் ஓட்டுறது."