மற்றக் கழுத்து

மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் நடுவே
வாவியில் ஓடுகிற மிதவைக்குப் பெயர் பாதை.
தண்ணீரில் போவதை ஏன் பாதை என்கிறீர்கள் என்று
புதிதாய் வந்த டொக்டர் கேட்டார்.
ஏறிப் பாருங்கள் சேர், என்றேன்.

புதன்கிழமை கிளினிக் முடிய
நீலப் பெட்டியோடு இதில் ஏறுவேன்.
உள்ளே ஐஸ் பைகளுக்கு இடையில் குப்பிகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு கழுத்து.
தாலிக்கு எட்டாத கழுத்து.
உடையவளே கண்டிராத கழுத்து.

இருபது வருசமாய்ச் சொல்லி வந்தேன்:
வலிக்காது கா, ரெண்டு நிமிசம்,
கண்ணை மூடிப் பட்டிருப்புப் பாலத்தை நினையுங்க,
அதைக் கடக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்.
வேளாண்மை வெட்டைப் போட்டுவிட்டு வந்தவர்களுக்கும்
புருசனுக்கு ஒளித்து வந்தவர்களுக்கும்
அதே பாலம்தான்.

போன மாசியில் எனக்கு நாற்பத்தைந்து.
பதிவேட்டில் என் பெயரை நானே எழுதினேன்,
குணரெத்தினம் ஜெயகௌரி,
என்னைவிடப் பதினைந்து வயது இளைய சுபோதினி
கையுறை மாட்டினாள்.
"வலிக்காது மிஸ்."
பாலம் வரவில்லை.
டியூப் லைட்டடியில் ஒரு பல்லி, அது மட்டும்.
வலித்தது, கொஞ்சம்.
இருபது வருசப் பொய்.

குப்பி இருபத்துமூன்று.
அன்று பின்னேரம்
என்னை நானே மடியில் வைத்துக்கொண்டு
வாவியைக் கடந்தேன்.

ஐந்து கிழமையால் கடதாசி வந்தது.
பதினெட்டு இல்லை.
மற்றப் பன்னிரண்டும் இல்லை.
பதினாறு உண்டு.

பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று
மஞ்சளரிசி போட்ட அத்தனை கைகளும்
வரிசையாய் வந்துபோயின.
சிரித்துவிட்டேன்.
கடதாசி நீட்டிய பெடியன் பயந்துபோனான்.

எங்கிருந்து வந்தது?
மற்றவர்கள் கேட்டால் பதில் எனக்குப் பாடம்.
ஒருவரையும் குற்றம் சொல்ல ஏலாது,
பத்து வருசமும் கிடக்கும், இருபதும் கிடக்கும்,
திகதி போட்டு வருவதில்லை,
கனபேருக்குத் தானாய்ப் போய்விடும்.
எனக்குப் போகவில்லை.

குணரெத்தினம்
இரண்டாயிரத்து ஏழில் உரம் வாங்கப் போனவர்.
மேல்கழுத்தில் கிடப்பதைக் கழற்றுவதா விடுவதா என்று
ஊர் இன்னும் முடிவெடுக்கவில்லை.
அவரைக் கேட்டு நான் நிரப்பிய படிவம் பதினொன்று.
காணாமல் போனவர் உம்மில் எதை விட்டுப்போனார்,
இந்தக் கேள்வி
ஒன்றிலும் இருக்கவில்லை.

அவருடையதாய் இருந்தால்
அவரில் இன்னும் உயிரோடு இருப்பதாய்
எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

அவருடையதாய் இல்லாமலும் இருக்கலாம்.
பிறகு ஒருவர் இருந்தார்,
இரண்டு மாரிக்கு மட்டும்.
அந்தப் பெயரை இந்த வாவிக்கும் சொன்னதில்லை.
பதினாறும் சொல்லாது.
அந்தளவில் அதற்கு மரியாதை தெரியும்.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
வினாகிரி தொட்ட பஞ்சு வைத்தார்கள்.
திரையில், சிவப்புக்குள்
காய்ந்த உப்பைப்போல ஒரு வெள்ளைத் திட்டு.
அறை முழுக்க அச்சாறு மணம்.
எனக்குப் பசித்தது.
இதை யாரிடமும் சொல்லவில்லை.
நேரத்தோடு வந்திட்டீங்க, என்றார் டொக்டர்.
சுட்டெடுத்தார்கள்.
ஆறு மாதத்தில் மறுகா வரச்சொன்னார்கள்.

நேற்றுப் பள்ளிக்கூடத்தில்
ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊசி.
சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு ஒருத்தி கேட்டாள்,
எதுக்கு மிஸ் இது?
பதினாறுக்கு, என்றேன்.
அந்த வயது மட்டும் காய்ச்சல் வராதென்று
விளங்கிக்கொண்டாள் போல,
தலையாட்டிவிட்டுப் போனாள்.

கிளினிக்கில் இப்போது வலிக்காது என்பதில்லை.
கொஞ்சம் வலிக்கும் கா,
நானும் இதில படுத்தெழும்பின ஆள்தான்.
பாலத்தையும் விட்டுவிட்டேன்.
அவரவர் விரும்பியதை நினைக்கட்டும்.

பாதை நடுவாவிக்கு வர
காற்று கிறுகியது.
ஓட்டுகிற தம்பி பெட்டியைப் பார்த்தான்.
"உள்ளுக்க என்ன இரிக்கி மிஸ்?"

ஒண்டுமில்லடா,
ஆட்டாம ஓட்டு.