தட்டிப் பார்த்தது

ஆயிரத்து இருநூறு திர்ஹாம்,
வாட் தனி.
தேங்காயைக்கூடத் தட்டாமல் வாங்காதவன்
வீட்டைத் தட்டிப் பார்க்க
ஆள் வைத்தேன்.

அஜ்மான், ராஷிதியா, பதினான்காம் மாடி.
ஆகஸ்ட். இரண்டு லிஃப்டில் ஒன்று ஓடியது.
மரிசெல் வந்தாள்:
முழங்காலுக்கு உறை, தோளில் மடக்கு ஏணி,
கையில், முனை உருண்ட எஃகுக் குச்சி.
ஷூவுக்கு மேல் நீலப் பையை மாட்டிக்கொண்டு சொன்னாள்:
"குறையில்லாத வீட்டை நான் பார்த்ததில்லை, சார்.
இன்றைக்கும் பார்க்கப் போவதில்லை.
பயப்படாதீர்கள்."

பிறகு மூன்று மணி நேரம் என்னிடம் பேசவில்லை.

டிக், டிக், டிக்,
டொப்.
டொப் கேட்ட டைல்ஸில் ஒரு பச்சை ஸ்டிக்கர்.
இருபது வருஷக் கடனில் வாங்கப்போகும் தரைக்குக் கீழே
காலியாய் ஓர் இடம் இருப்பது
அதன்மேல் நிற்கும்போதுதான் தெரிந்தது.

குழாய்களை எல்லாம் ஒன்றாய்த் திறந்தாள்.
ஹீட்டரின் வயிற்றில் அது பிறந்த ஆண்டைப் படித்தாள்.
பிளக் பிளக்காய் ஒரு கருவியைச் செருகி
எர்த் இருக்கிறதா என்று கேட்டாள்.
குளியலறை வடிகாலை அடைத்து நீர் கட்டி
சாக்பீஸால் கோடு போட்டாள்.
நாளைக்குள் கோடு இறங்கினால்
கீழ்வீட்டுக்காரர் உங்களுக்குச் சொந்தமாகிவிடுவார்.

தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா
வீடியோவில் இன்னொரு பரிசோதனை நடத்தினாள்.
"அடுப்படி ஜன்னலைக் காட்டுங்க.
சாளைக் கருவாடு பொரிச்சா வாசம் எங்க போகும்?
அந்த ரூம் கதவைச் சாத்துங்க. தெறங்க. சாத்துங்க.
உள்ள உக்காந்து அழுதா வெளிய கேக்குமா?"
மரிசெல்லின் பட்டியலில்
அதற்குக் கட்டம் இல்லை.

விற்கிறவர் ஹைதம், சூடான்காரர்.
வர வேண்டாம் என்று தரகர் சொல்லியும் வந்திருந்தார்.
ஹால் சுவரில் சாய்ந்து நின்றார்.
ஒவ்வொரு டொப்புக்கும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
குச்சி அவர் விலாவில் படுவதுபோல.

ஏசியைப் பதினெட்டில் விட்டு
அரை மணி காத்திருந்து
வெப்பக் கேமராவை எடுத்தாள்.
திரையில் வேறொரு வீடு.
சீலிங் மூலையில் நீலக் கறை: ஈரம்.
ஃபியூஸ் பெட்டியில் ஆரஞ்சு: தளர்ந்த கம்பி.
ஹால் சுவரில் மஞ்சளாய் ஓர் ஆள்.
தோள், முதுகு, கொஞ்சம் தள்ளி ஓர் உள்ளங்கை.
ஹைதம் அப்போது பால்கனியில்
போன் பேசிக்கொண்டிருந்தார்.
"அது கணக்கில் வராது," என்றாள்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை போனது.
தோள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

அறிக்கை மறுநாள் ராத்திரி வந்தது.
ஐம்பத்திரண்டு பக்கம், நாற்பத்தேழு குறை.
சிவப்பு நான்கு. மற்றதெல்லாம் கீல், பூச்சு, கதவிடுக்கு.
கோடு இறங்கவில்லை.
கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்து:
சுவருக்குள் இருப்பவை, பூட்டியிருந்தவை,
சாமான் மறைத்திருந்தவை, நாளை கெடப்போகிறவை
எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல.
கல்யாணத்துக்கு முன்னால்
இப்படி ஒரு பக்கம் தந்திருக்கலாம் என்றேன்.
"யாருக்கு?" என்றாள் ஜெசிந்தா.

தரகர் கால்குலேட்டரோடு வந்தார்.
முப்பதாயிரம் குறையுங்கள் என்று சொல்ல
காரில் ஒத்திகை பார்த்திருந்தேன்.
ஈரத்துக்கு இவ்வளவு, கம்பிக்கு இவ்வளவு,
பன்னிரண்டு டைல்ஸுக்கு இவ்வளவு.
ஹைதம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
"அந்த ஈரம் எனக்குத் தெரியும்," என்றார்.
"அதன்மேல் இரண்டு கோட் பெயின்ட்
என் கையால் அடித்தது."

பதினெட்டு என்று வாயில் வந்துவிட்டது.

ஜெசிந்தாவிடம்
இருபத்தைந்து என்று சொல்லியிருக்கிறேன்.
இரண்டு நாளாகத்
தட்டிப் பார்க்கிறாள்.