வைப்பர்

எல்லாக் கைபேசிகளும் இடப்பக்க ஜன்னலுக்கு ஓடின.
கடல் நடுவே ஒரு மலை
தன் வாயைத் தானே கிழித்துக்கொண்டிருந்தது.
அழகு, என்றார்கள்.
நான் தேநீர் வண்டியைப் பூட்டினேன்.
தீக்குச்சி உரசியது யாரென்று
இருபத்திரண்டாம் வரிசையில் ஒருவர் கோபித்தார்.
கேப்டன் திருப்பினார், காரணம் சொல்லாமல்.
இறங்கிய பிறகு பார்த்தேன்:
முன்கண்ணாடி முழுக்க நகக்கீறல்.

விடுப்பில் கருப்பூர்.
வெள்ளைக்கல் சுரங்கத்திலிருந்து
டிப்பரோடு வருகிறான் தம்பி மாதையன்,
இமைமயிர் வரை வெள்ளை.
ஏறி உட்கார்ந்து வைப்பருக்குக் கை நீட்டினேன்.
"தண்ணி ஊத்தாம போடாதக்கா, கீறிடும்.
மாவு இல்ல இது, கல்லு."
தெரியும்டா, என்றேன்.
அவன் இருமத் தொடங்கினான்.
பாட்டிலைத் திறந்து,
சேர்வராயன் மலை தெரிகிற வரைக்கும்
கண்ணாடியில் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.