ஈயம்

என் பெயர் வியாகுலம்.
அம்மா மாதாவிடம் நேர்ந்து வைத்தது.
தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டில்
வியாகுல் சேட் என்றால் தெரியும்:
அட்டை, டப்பா, உடைந்த நாற்காலி
எடை போட்டு வாங்குகிறவன்.

ஐந்து கிலோ கல்லின் அடிக்குழியில்
நானூறு கிராம் ஈயம்.
நானே காய்ச்சி ஊற்றினேன்,
பதினொரு வருடம் முன்பு,
ஈஸ்டர் முடிந்த திங்களன்று.

பிறகு பிளாஸ்டிக் அரைக்கும் மெஷின்
வலது கையில் மூன்று விரலை எடுத்துக்கொண்டது.
சயான் ஆஸ்பத்திரிக் கட்டிலில்
நிம்மதியாக அழுதேன்.
சரி, கழித்துக்கொண்டார்.
கணக்கு நேர்.
அன்றிலிருந்து எந்த வலி வந்தாலும்
ரசீதுபோல மடித்து வைத்தேன்.

சாம்பல் புதன். பாவசங்கீர்த்தனம்.
வலைக்கு அந்தப் பக்கம் மங்களூர்ச் சாமியார்,
தமிழில் தட்டுத்தடுமாறி நடப்பவர்.
ரசீதுகளை ஒவ்வொன்றாய் வாசித்தேன்.
இருமினார்.
"விரலை யாருக்குக் கொடுத்தாய்? மெஷினுக்கா?
மெஷினையா ஏமாற்றினாய்?"
அபராதமாக
ஒரு அருள்நிறை மந்திரம்கூடத் தரவில்லை.
போய்விட்டு வா என்றார்.

கும்பார்வாடாச் சூளைப் புகையில்
எல்லார் நெற்றியும் சாம்பல்தான்.
என் சிலுவையை யாரும் கவனிக்கவில்லை.
ஷெவந்தா வீட்டு இரும்பு ஏணியடியில்
நின்றுகொண்டே இருந்தேன்.
மன்னிப்புக்கு மராத்தியில் வார்த்தை தெரியும்,
ஈயத்துக்குத் தெரியவில்லை.
கல்லைக் கவிழ்த்துக் காட்டினேன்.

பணத்தை எண்ணினாள்,
எச்சில் தொட்டு, இரண்டு தரம்.
"தெரியும்" என்றாள்.
"அதனால்தான் அட்டையை நனைத்துக் கொண்டுவருவேன்.
மழையில்லாத மாதத்திலும்."
சிரிக்கவில்லை.
"நீ சொல்ல ஒரு ஆள் இருக்கிறார் போல.
நான் யாரிடம் சொல்ல?"

பதில் தெரியாமல் இறங்கி வந்தேன்.
என்னிடம்தான் சொன்னாள் என்பது
தெருமுனை திரும்பிய பிறகே உறைத்தது.

ராத்திரி,
மிச்சமிருந்த இரண்டு விரலால் உளி பிடித்து
கல்லின் வயிற்றைத் தோண்டினேன்.
ஊற்றியது ஒரு நிமிடம்.
எடுக்க விடியவிடிய.
முழுதாய் வரவும் இல்லை.
பக்கத்துத் தட்டாரின் மெஷினில் வைத்துப் பார்த்தால்
முந்நூற்று எழுபது.

முப்பது கிராம் இன்னும் உள்ளே.
இனி ஒவ்வொரு முறையும்
சொல்லிவிட்டுத்தான்
தட்டில் வைக்கவேண்டும்.