மீதி

பதிவேட்டில் ஒன்பது பேர்.
என் அடுப்படியில் பத்து.
கணக்கு எங்கே இடறுகிறது என்று
நாகவேணி மிஸ்ஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்,
ஹுலிகெம்மாவின் இடுப்புக்கும் தெரியும்.

ஆனேக்கல் தாண்டி, தைலமரத் தோப்புக்கும்
வில்லா மனை விற்கும் பலகைக்கும் நடுவே
ஒற்றை அறை, ஒரு சமையல் கொட்டகை,
பூட்டு மட்டும் புதிதாக இருக்கும் கழிப்பறை.
பெங்களூர் இங்கிருந்து தெரியாது.
ராத்திரியானால் வடக்கு வானம்
பருப்பு பொங்கிய அடுப்பு மாதிரி
மஞ்சளாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

ஹுலிகெம்மா மூன்றாவது படிக்கிறாள்.
அப்பனும் அம்மாவும் பதினாலாவது மாடிக்குக்
கல் ஏற்றப் போனபின்
தம்பியைத் தூக்கிக்கொண்டுதான் வருவாள்.
யமனூரா. மூன்றரை வயது. ஒழுகும் மூக்கு.
அவனுக்குப் பதிவேட்டில் வரி கிடையாது,
மூட்டை அரிசியில் பங்கு கிடையாது,
பால் பவுடரில் ஒரு கரண்டி கிடையாது.
அரிசி வளைந்து கொடுக்கும்.
சாம்பாரில் தண்ணீர் ஏறும்.
முட்டைதான் வளையாது.

முதலில் அக்காக்காரி தன்னுடையதைப் பிட்டுக் கொடுத்தாள்,
மஞ்சள் முழுக்க அவனுக்கு.
பார்த்துக்கொண்டே இருந்த திவாகர் ஒருநாள்
கரித்துண்டால் தரையில் போட்டுக் காட்டினான்:
ஒவ்வொரு முட்டையிலும் பத்தில் ஒரு பங்கை அறுத்தால்
ஒன்பது துண்டு சேரும்,
பத்தாவது ஆளுக்கும் மற்றவர்கள் அளவே வரும்.
அவன் நாலாவது. அது அஞ்சாவது பாடமாம்.
மிஸ் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு
தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரெஹானா மட்டும் கேட்டாள்:
"அப்போ யமனூராவுக்குக் கிடைக்கிறது முட்டையா,
வெறும் ஒன்பது துணுக்கா?"
அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.
நான் மூணாவதோடு நின்றவள்.
தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து
மறுமுனையை விரலில் சுற்றி
அறுக்கப் பழகிக்கொண்டேன்.
பத்தில் ஒன்று சரியாக வராது.
யாரும் அளந்து பார்த்ததில்லை.

பத்துக்குக் கீழே போனால்
நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பள்ளியோடு
சேர்த்துவிடுவோம் என்று கடிதம் வந்தது.
நாலு வரிசை லாரி. நடுவில் அரளிச் செடி.
மிஸ் எதுவும் செய்யச் சொல்லவில்லை.
பிள்ளைகளாகச் செய்தார்கள்.
லிங்கராஜுவின் பழைய சட்டை
யமனூராவுக்கு முழங்காலைத் தொட்டது.
முகத்தை நான் கழுவிவிட்டேன்.
"வயசு கேட்டா ஆறுன்னு சொல்லு" என்று
ஆளாளுக்கு அவன் காதில் ஓதினார்கள்.

வந்த அதிகாரி நல்ல மனுஷன்தான்,
குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டார்.
பெயர் சொன்னான்.
வயது?
அவன் என் தட்டைப் பார்த்தான்.
முட்டை நாளெல்லாம் அவர்கள் சத்தமாக எண்ணும் எண்ணிக்கை
எதில் முடியுமோ அதைச் சொன்னான்:
"ஒம்பத்து."

சுபோத் சிரித்துவிட்டான். ஹுலிகெம்மா அழவே ஆரம்பித்தாள்.
அதிகாரி எழுந்து,
தொட்டியடியில் கவிழ்ந்து கிடந்த தட்டுகளை
விரல் நீட்டாமல் எண்ணினார்.
"தட்டு பத்து இருக்கே" என்றார்.
"ஆமா சார்" என்றேன்.
ஏதோ எழுதிக்கொண்டார். என்னவென்று தெரியாது,
கன்னடம் பேசுவேன், படிக்க வராது.
படிக்கத் தெரிந்த மிஸ்ஸும் எட்டிப் பார்க்கவில்லை.

அது போய் ஏழு வாரம்.
பதில் இல்லை. பூட்டும் இல்லை.
இன்றைக்கு மழை. மோனிஷா வரவில்லை.
முட்டை வெந்தபிறகுதான் எனக்கு உறைத்தது:
ஒன்பது முட்டை, ஒன்பது வாய்.
ஓடுரித்து, உப்புத் தூவி,
முழுசாக ஒன்றை யமனூராவின் கையில் வைத்தேன்.

உருட்டிப் பார்த்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
அப்புறம் கொட்டகை வாசல்வரை நடந்துவந்து
என்னிடமே அதை நீட்டி
"தார" என்றான்.

நூல் கேட்கிறான்.