இருபத்து மூன்றரை கிலோ

பஹியா பிளாங்காவில் காற்று
ஆட்டக்காரர்களுக்கு முன்பே வந்துவிடும்.
களத்துச் செம்மண்ணை அள்ளி
என் மேசைமேல் போட்டுவிட்டுப் போகும்.
துண்டு உலர்த்தும் அறைக்குப் பக்கத்து அறையில்
மட்டைகளுக்கு நரம்பு கட்டுகிறேன்,
பத்தொன்பது வருடமாக.
பிடியை மோந்தே சொல்வேன் யாருடையதென்று.

ஃபெர்மின் பெங்கோச்சேயா
இரண்டு மட்டை தருவான்.
"வழக்கம்போல, ஒதிலியா."
வழக்கம் என்றால் இருபத்திரண்டு கிலோ.
மழையானாலும் இறுதிப் போட்டியானாலும்.

எவரிஸ்தோ இரவோலா
மற்ற எல்லாரோடும் இருபத்து மூன்றரை.
ஃபெர்மினோடு மட்டும்
ஒவ்வொரு தடவையும் ஒரு புது எண்.
ரொசாரியோவில் தோற்ற பிறகு இருபத்தைந்து;
இறுக்கினால் பந்து கோட்டுக்குள் நிற்குமாம்.
மெந்தோசாவில் இருபத்தொன்று;
தளர்த்தினால் வேகம் கிடைக்குமாம்.
சாந்தா ஃபேயில் பாதி மாட்டுக்குடல் நரம்பு,
ஒரு மாத வீட்டு வாடகை விலை.
அது மூன்றாவது கேமில் அறுந்தது.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.
ஃபெர்மின் இடதுகைக்காரன்,
அவனிடம் இருப்பது ஒரே ஓர் அடி:
குறுக்கே, சுழற்றி,
இரவோலாவின் பேக்ஹேண்டுக்கு,
தோளுக்கு ஒரு சாண் மேலே.
ஒரு தரம் அடித்தால் அழகு.
நாற்பது தரம் அடித்தால்
கடன்காரன் கதவைத் தட்டுகிற மாதிரி.

இரவோலா பின்னால் போய் நின்று பார்த்தான்.
முன்னால் ஏறி, எழும்பும்போதே அடித்துப் பார்த்தான்.
வலைக்கு ஓடினான்;
பந்து தலைக்கு மேல் போனபோது
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
பயிற்சியாளரை மாற்றினான்.
எதிராளியைப் பார்க்காதே, பந்தைப் பார் என்று
யாரோ ஒரு மனவியல் நிபுணர் சொன்னாராம்.
"பந்தில்தானே அவன் பேர் எழுதியிருக்கு" என்றான் என்னிடம்.
சிரித்தோம்.
பரனாவில் ஜெயிக்க ஒரே ஒரு புள்ளி வேண்டியிருந்தபோது
இரண்டு சர்வையும் வலையில் போட்டவன்
அப்படிச் சிரித்ததை
நான் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

பதினொன்றுக்குப் பூஜ்யம்.

இன்று காலை மூன்று மட்டைகளை வைத்தான்.
"இருபத்து மூன்றரை."
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
"அதுதானே என் எண்" என்று சொல்லிவிட்டு
வாழைப்பழம் உரித்தபடி போனான்.

அரை மணி கழித்து ஃபெர்மின்.
கதவில் சாய்ந்தான்.
காற்றைப் பற்றிக் கேட்டான்.
என் முழங்காலைப் பற்றிக் கேட்டான்,
பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக.
பிறகு, நகத்தைப் பார்த்துக்கொண்டு:
"அவன் எவ்வளவு போட்டிருக்கான்?"

சொல்ல மாட்டேன் என்றேன்.
"சும்மா கேட்டேன்" என்று போனவன்
நடைபாதை முனையிலிருந்து திரும்பி வந்தான்.
"என்னுடையதை அரைக் கிலோ ஏத்து."

என் ஜன்னலில் பாதிக் களம்தான் தெரியும்.
இடம் மாறும்போதெல்லாம் ஆளும் மாறுவார்கள்.
தோள் உயரத்துப் பந்து வந்தது, வந்தது,
இரவோலா ஒவ்வொன்றையும்
நடுக்களத்துக்கு, உயரமாக, அவசரமில்லாமல்
திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான்.
கடன்காரனுக்கு நாற்காலி எடுத்துப் போட்ட மாதிரி.
மறு பாதியில் இருந்தவன் முகம்
எனக்குத் தெரியவில்லை.
மூச்சு கேட்டது.

மூன்று மணி நாற்பது நிமிடம்.
கடைசி டை-பிரேக் ஏழு-ஐந்து, ஃபெர்மினுக்கு.
அந்தக் கடைசிப் புள்ளி
வலை விளிம்பில் தட்டி
காற்று தள்ளி உள்ளே விழுந்தது.
பன்னிரண்டுக்குப் பூஜ்யம் என்று நாளைக்கு அச்சாகும்.

இரவோலா முழங்கால்வரை செம்மண்ணோடு வந்தான்.
ஒரு மட்டையில் நரம்பு அறுந்திருந்தது.
"அதே எண்" என்றான், பேருந்துக்குப் போய்விட்டான்.

ஜெயித்தவன் கடைசியாக வந்தான்.
துண்டு தலைமேல்.
மட்டைகளில் ஒரு நரம்பும் அறவில்லை.
"எல்லாத்தையும் வெட்டிடு" என்றான்.
வெட்டினேன்.
எவ்வளவு போடட்டும் என்று கேட்டு
அவனுக்கும் ஒரு மாத்தே ஊற்றி வைத்தேன்.

வழக்கம்போல என்று அவன் சொல்லவில்லை.
மாத்தே ஆறியது.
இயந்திரத்தின் முள் பூஜ்யத்தில் நிற்க
நான் நரம்புச்சுருளைக் கையில் வைத்துக்கொண்டு
காத்திருந்தேன்.