எட்டு பொஃபோர்

கப்பலை விட்டு இறங்கியதும்
முதல் வேலையாகக் கதவுகளைப் படமெடுத்தேன்.
பதினேழு கதவுகள், கடலைப் பார்த்தபடி.
ஆரஞ்சு, பாசிப்பச்சை, கத்தரிப்பூ நிறம்.
கடைசிக்கு முந்தைய கதவு மட்டும்
இடுப்புவரை சிவப்பு, அதற்கு மேலே வெறும் மரம்.
அதைத்தான் அதிகம் எடுத்தேன்.
"என் தம்பி யாக்குமிஸின் வீடு,
சிவப்பு தீர்ந்துபோயிற்று" என்றாள் ஸாம்பேத்தா,
சாவியை என் உள்ளங்கையில் அழுத்தி.

அவள் வீட்டு மாடியில் எனக்கு அறை.
கீழே அறை கிடையாது, படகுக்கான குகைதான்.
வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே
நாலு முழம் சிமெண்ட்,
அதில் ஒரு பூனை.

கம்பியில் மூன்று பேய்க்கணவாய்கள்
யாரோ அவசரமாகக் கழற்றிப்போட்ட
ஈரக் கையுறைகள்போலத் தொங்கின.
இரவு தட்டில் வந்தது அதுவா என்று கேட்டேன்.
"அது படத்துக்கு. இது ஃப்ரீசரிலிருந்து."
எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே சொன்னான்
அவள் கணவன் பந்தெலிஸ்.
நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காற்று பிடித்துக்கொண்டது.
இங்கே காற்றுக்கு எண் உண்டு.
ஆறு என்றால் தோளைக் குலுக்குகிறார்கள்.
ஏழு என்றால் நாற்காலிகளை உள்ளே அடுக்குகிறார்கள்.
எட்டு என்றால் கப்பல் இல்லை.
ரொட்டிக் கடையில், தேவாலய வாசலில்,
மகளோடு போனில் கத்திப் பேசுகிறவள் வாயில்,
எட்டு, எட்டு பொஃபோர்.
பிறந்த குழந்தையின் எடையைச் சொல்வதுபோல
குரலில் கொஞ்சம் பெருமைகூட.

ஏதென்ஸிலிருந்து என் விமானம்
நான் இல்லாமலே கிளம்பிப்போனது.

அந்தி நேரம் கதவை உதைத்தாள் ஸாம்பேத்தா.
"உனக்குக் கை இருக்கிறதல்லவா? கீழே வா."

அலை சிமெண்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.
படகை உள்ளே ஏற்ற வேண்டும்.
ஏழு பேர், ஒரு கயிறு,
கொழுப்புத் தடவிய உருளைக் கட்டைகள்.
த்ராவா என்றால் இழு.
யாரும் மொழிபெயர்க்கவில்லை,
கயிறே உள்ளங்கையில் எழுதிக் காட்டியது.

எனக்கு முன்னால் பந்தெலிஸ்,
பின்னால் யாக்குமிஸ்.
"அவனிடம் சொல், இடப்பக்கம் தூக்கட்டும்."
"அவனிடம் சொல், எனக்குத் தெரியும்."
நடுவில் நான் இருந்தேன்.
ஆனால் இருவரும் ஸாம்பேத்தாவிடம் சொன்னார்கள்.
அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.
ஆனாலும் படகு இடப்பக்கம் தூக்கிக்கொண்டது.

உள்ளே போனதும், விளக்கைப் போட்டதும்
எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம்.
டீசல் வாடை. சுவரில் உப்புக் கோடுகள்.
பலகைமேல், என் கட்டிலுக்கு நேர் கீழே,
ஒரு பெயிண்ட் டப்பா.
மூடியின் விளிம்பில் வழிந்து காய்ந்திருந்தது
அதே சிவப்பு.
நகர்த்தி வைக்கத் தூக்கினேன்.
கனமாக இருந்தது.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
அதாவது, எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

வெளியே போகும்போது பந்தெலிஸ்
என் கையில் ஒரு சிகரெட்டைத் திணித்து
கண்ணால் மைத்துனனைக் காட்டினான்.
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
யாக்குமிஸ் வாங்கிக் காதில் செருகிக்கொண்டான்.
பற்றவைக்கவில்லை.
அந்தக் காற்றில் யாரால்தான் முடியும்?

இரவு முழுக்க எனக்குக் கீழே
தண்ணீர் கதவுக்கு அடியில் நுழைந்து நுழைந்து போனது.
படகு புரண்டு படுத்தது.
இந்த வீடு அதற்காகக் கட்டியது.
நான் பரணில் போட்ட சாமான்.

ஐந்தாம் நாள் காற்று நாலுக்கு இறங்கியது.
ஸாம்பேத்தா பில் எழுதினாள்.
நாலு இரவு. அதில் ஒன்றை அடித்தாள்.
"கயிற்றுக்கு" என்றாள்.
அப்புறம் யோசித்து
நான் உடைத்த டம்ளருக்கு இரண்டு யூரோ சேர்த்தாள்.

நான் ஏற வேண்டிய கப்பலிலிருந்து
மஞ்சள் தொப்பிக்காரி ஒருத்தி இறங்கி
நேராக அந்தக் கதவிடம் போனாள்.
கொஞ்சம் நகரச் சொல்லிக் கையசைத்தாள். நகர்ந்தேன்.
எத்தனையோ கோணத்தில் எடுத்துவிட்டு
ஏன் பாதி மட்டும் என்று
என்னைப் பார்த்துக் கேட்டாள்.
என் கையில் கயிறு அறுத்த தடம்
இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

சிவப்பு தீர்ந்துபோயிற்று, என்றேன்.